வலது முழங்கால், இடது மோதிரவிரல்

இதில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வலது முழங்காலின் மேல் ஆணை. வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒற்றைச் சொல். அந்த இடம் வரும்போது மறைக்காமல் காட்டிவிடுகிறேன். அதுவரை என்னை நம்பலாம். அதற்குப் பிறகும் நம்பலாம்.

எங்கள் வட்டாரத்துக் காய்ச்சல் மருத்துவப் புத்தகத்தில் ஏறிய காய்ச்சல். போகோஸ்தா என்று இங்கிருக்கும் ஓர் ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். மற்ற ஊர்களுக்கு ஓடுகிறவனும் பாடுகிறவனும் பெயர் வாங்கித் தருவான். எங்களுக்கு அதைச் செய்தது கொசு. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, கோடை முடிகிற நேரத்தில், பழம் பறிக்கப் போனவர்களைப் பிடிக்கும். நாலைந்து நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் செம்புள்ளி. அதோடு போனால் பரவாயில்லை. போகும்போது மூட்டில் வலியைக் குடிவைத்துவிட்டுப் போகும். சிலருக்கு அது ஒரு மாதம் இருக்கும், சிலருக்கு ஆயுள் முழுக்க.

எண்பத்தொன்றில் வந்ததுபோல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அந்தச் செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பாதிரியார் எங்களை மண்டியிடச் சொன்னார். ஊரில் பாதிப்பேருக்கு முழங்கால் மடங்கவில்லை. மடங்கிய பாதிப்பேருக்குத் திரும்ப நிமிரவில்லை. பாதிரியார் இளகிய மனசுக்காரர். மண்டியிட்டிருக்கும் சனத்தை அப்படியே விட்டுவிட்டு எப்படி முடிப்பது என்று அடுத்தடுத்த பிரார்த்தனைகளைப் படித்துக்கொண்டே போனார். வழிபாடு செவ்வாய்க்கிழமை மதியம் முடிந்தது. புதன்கிழமை வரை போனது என்று சிலர் சொல்வார்கள். அது மிகை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது ஹில்யா. அவள் கடை ரோட்டோரத்தில் இருந்தது. கல்லாவுக்கு எதிரே பெரிய கண்ணாடி. அதன் வழியே ஊரே நொண்டிக்கொண்டு போவதை இரண்டு வாரம் பார்த்தாள். மூன்றாவது வாரம் நான் ரொட்டி வாங்கப் போனபோது குரலைத் தாழ்த்தினாள். ஹில்யா குரலைத் தாழ்த்தினால் ஏரிக்கு அந்தப் பக்கம் மட்டும் கேட்காது.

"ஆர்வி, கவனிச்சியா? நீளச் சதுப்புக்குப் பழம் பறிக்கப் போனவனுக்கெல்லாம் கணுக்கால் போச்சு. காக்கைச் சதுப்புக்குப் போனவனுக்கெல்லாம் தோள்பட்டை. ஒவ்வொரு சதுப்புக் கொசுவுக்கும் ஒவ்வொரு மூட்டு."

"அப்படியா அக்கா? உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டுமே பிடிச்சிருக்கே?"

"அதான் நானும் கேட்டேன். நீளச் சதுப்புக்குத்தான் போறேன்னு சொல்லிட்டுப் போன மனுஷன். காக்கைச் சதுப்பு ஓரத்துல எந்தப் பொம்பளை வீடு இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அந்த மனுஷர் அன்றிரவு மாட்டுக்கொட்டகையில் தூங்கினார். ஆனால் ஊருக்கு வந்த ஆபத்து அதைவிடப் பெரியது.

லக்காப் பழம் சதுப்பில்தான் வளரும். தேன் நிறம். ஒரு செடிக்கு ஒரே பழம். அதைப் பறித்துவிட்டால் அடுத்த கோடைவரை அந்தச் செடியிடம் உங்களுக்கு வேலை இல்லை. எங்கள் ஊரில் ஒருவன் பெண்டாட்டியோடு போட்ட சண்டையைச் சொல்வான், மூலநோயைக்கூடச் சொல்வான். லக்கா பறிக்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டான். என் அப்பா சாகக் கிடந்தபோதுதான் எங்கள் சதுப்பு எங்கே என்று என் காதில் சொன்னார். சொன்ன மறுநாள் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அவசரப்பட்டுவிட்டோமே என்ற வருத்தத்தில் என்னோடு பேசவே இல்லை.

அப்படிப்பட்ட ஊரில், மூட்டைப் பார்த்தே சதுப்பைச் சொல்லிவிடலாம் என்றால் என்ன ஆகும்? திங்கள்கிழமையே எல்லாரும் வேஷம் கட்டிவிட்டார்கள். கணுக்கால்காரன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். தோள்காரன் காலை இழுத்தான். சூட்டில் மூட்டு தளர்ந்து உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்து, ஆண்கள் சேர்ந்து சவுனா என்கிற நீராவிக் குளியலுக்குப் போவதை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகப் போனதில் சனிக்கிழமைக் குளியல் வியாழக்கிழமைதான் முடிந்தது. மார்ட்டி என்று ஒருவன் ஆழச் சதுப்பின் நொண்டலை அச்சு அசலாக நொண்டினான். அந்தச் சதுப்பை வடிகால் வெட்டிக் காடாக்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஹில்யா அவனுக்குக் காபித்தூள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன் மார்ட்டி, இந்த வருஷம் பைன் மரத்துலயா லக்கா காய்ச்சுது?" அதற்குப் பிறகு அவன் நாற்பது கிலோமீட்டர் போய்க் காபித்தூள் வாங்கினான்.

எனக்கு வலி பிடித்தது வலது முழங்காலிலும் இடது மோதிரவிரலிலும். காலையில் நான் விழிக்கும்போது முழங்கால் எனக்கு முன்பே விழித்துக்கொண்டு காத்திருக்கும். டாக்டரிடம் போகவில்லை. போனால் மூட்டைக் காட்ட வேண்டும். மூட்டைக் காட்டினால் சதுப்பைக் காட்டியதுபோல். எங்கள் சதுப்பின் பெயர் குயிக்கா. பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சத்தியம் சத்தியம்தான், அதற்காக இடத்தைச் சொல்ல முடியாது.

குயிக்காவுக்கு எங்கள் குடும்பத்தைத் தவிர யாரும் போனதில்லை. எழுபத்தெட்டில் போனபோது காம்புகள் மொட்டையாக நின்றன. யாரோ பறித்திருந்தார்கள். அங்கேயே நின்று அரைமணி நேரம் திட்டினேன். திட்டி முடித்துவிட்டுச் சரியாகப் பார்த்தால், சதுப்பின் நடுவில் பட்டுப்போய் நிற்கும் பைன் மரத்துக்கு மேற்கே ஒரு பழம்கூட இல்லை. கிழக்கே ஒன்றைக்கூடத் தொடவில்லை. நூல் பிடித்து நிறுத்தியதுபோல் பாதி.

நான் கிழக்குப் பக்கத்தைப் பறித்துக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் நான் முந்திக்கொண்டேன். முழுச் சதுப்பும் பழுத்துக் கிடந்தது. கிழக்கை முடித்துவிட்டு மேற்கே போய்க் குனிந்தவன், அப்படியே நிமிர்ந்துவிட்டேன். வாளி பாதிதான் நிறைந்திருந்தது. அவ்வளவு நிறைவாக ஒரு வாளியை நான் தூக்கிக்கொண்டு வந்ததில்லை.

அங்கே ஈரப்பாசியில் தடம் இருந்தது, பழுத்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போன தடம். முப்பத்தேழாம் நம்பர் ரப்பர் பூட்ஸ். பெண். தடத்தில் தண்ணீர் ஊறி நின்றது, அதில் வானம் ஒரு கை அளவுக்கு இருந்தது. அந்தத் தண்ணீர் வற்றும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சதுப்பில் தண்ணீர் வற்றாது என்பதால் ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருந்தது.

காத்திருந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்க்க முடியாது. சதுப்பில் இரண்டுபேர் எதிர்ப்பட்டுவிட்டால் இருவரும் திரும்பிப் போய்விட வேண்டும். இருவருமே மறுபடி அங்கே வரக்கூடாது. இங்கே அதுதான் ஒழுங்கு. அவள் என்றைக்கு வருவாள் என்று மழையையும் வெயிலையும் பார்த்துக் கணித்து, அன்றைக்கு அங்கே போகாமல் இருப்பது ஒன்றுதான் என்னால் முடிந்த காதல். மூன்று கோடை அப்படிக் காதலித்தேன்.

அதே காலத்தில் தைமி எங்கள் பக்கம் நூலக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை தோறும் இரண்டரை மணிக்கு, புத்தகம் அடுக்கிய பஸ்ஸைப் பால் கேன் வைக்கும் மேடைக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். நான் பன்றி வளர்ப்பு பற்றிய புத்தகத்தை நாற்பத்தோரு தடவை எடுத்தேன். எங்கள் வீட்டில் பன்றி இருந்ததில்லை.

"பன்றி எப்படி இருக்கு, ஆர்வி?" என்பாள்.

"நல்லா இருக்கு."

"எத்தனை?"

"இன்னும் வாங்கல. படிச்சு முடிச்சுட்டு வாங்கலாம்னு."

தைமி ஒரு பக்கம், தடம் ஒரு பக்கம் என்று இரண்டு பெண்களுக்காக ஏங்குகிறேனே, இது நியாயமா என்று அப்போது எனக்கு மனசு உறுத்தியதுண்டு.

எண்பத்திரண்டு நடுக்கோடை விழாவுக்கு ஏரிக்கரைக் கூடத்தில் நடனம். வாத்தியக்காரர்கள் அக்கார்டியனோடு மேடையில். ஒரு சுவரோரம் ஆண்கள் வரிசை, எதிர்ச் சுவரோரம் பெண்கள் வரிசை. கூரையில் விளக்குப் பெட்டி எரிந்தால் பெண்கள் அழைக்கும் முறை. யார் வந்து தலையசைக்கிறாளோ அவளோடு இரண்டு பாட்டுக்கு ஆட வேண்டும், மறுக்கக் கூடாது. நான் காக்கைச் சதுப்புக்காரன் வேஷத்தில் இடது தோளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வீட்டில் குதிரைச் சேணத்தை மாட்டிக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகிய தோள்.

விளக்கு எரிந்தது. தைமி வந்தாள். வலது முழங்கால் மடங்காமல், அதை மறைக்காமல், அந்தப் பெரிய பலகைத் தரையின் நடுவே தனியாக நொண்டிக்கொண்டு வந்தாள். இடது கையை வெளியே தெரியும்படி வைத்திருந்தாள். மோதிரவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. ஒருத்தி தன் சதுப்பை ஊரறியக் காட்டிக்கொண்டு நடக்கிறாள்! அக்கார்டியன்காரன் துருத்தியை விரித்தவன் மடக்க மறந்து நின்றான்.

ஏன் காட்டினாள் என்று எனக்கு மட்டும் புரிந்தது. பாதிச் சதுப்பை விட்டுவிட்டுப் போனவனை அவளும் தேடிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள்.

"ஆர்வி, உனக்கு எங்க வலி?"

வலது முழங்காலில் என்று சொல்ல வேண்டும். இந்த விரலில் என்று நீட்ட வேண்டும். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா, எல்லாரும் வாய்திறக்காமல் காத்த சதுப்பு. சுற்றிலும் எண்பது காதுகள்.

"தோள்ல," என்றேன்.

அதுதான் அந்தச் சொல்.

"வேற எங்கயும் இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்டல் சொல்லில் சேராது.

அவள் பார்வை என் தோளுக்குப் போனது. பிறகு என் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். அவன் வில்யோ, மின்கம்பம் ஏறுகிறவன்.

"வில்யோ, உனக்கு?"

"முழங்கால்ல, தைமி. வலது. அப்புறம் இந்த விரல், இது மடங்கவே மாட்டேங்குது."

கண் இருக்கிற எவனும் அவளைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம். குயிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் அவனுக்குத்தான் தலையசைத்தாள். இரண்டு பாட்டு ஆடினார்கள். ஒரே பக்கமாக நொண்டியதால், பார்க்கிறவர்களுக்கு இருவரும் நேராக ஆடுவதுபோலவும் கூடம்தான் சாய்ந்திருப்பதுபோலவும் தெரிந்தது.

செப்டம்பரில் கல்யாணம். இருவருக்குமே விரலில் மோதிரம் ஏறவில்லை. நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். வில்யோ எவ்வளவு தூரம் வேஷத்தைக் கொண்டுபோகிறான் என்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிரியார் பலம் கொண்டமட்டும் அழுத்தினார். இவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நடிப்பு என்றால் நடிப்பு.

அடுத்த கோடையில் குயிக்காவில் எனக்கு ஒரு பழம்கூட இல்லை. மேற்கும் மொட்டை, கிழக்கும் மொட்டை. இரண்டுபேர் தடம், பக்கத்தில் பக்கத்தில். வில்யோவின் பேராசை அப்படி. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஜூலையும் போனேன், வாளி இல்லாமல். அந்தச் சின்னத் தடத்தில் வலது குதிகால் ஆழமாகப் பதியாமல் இருக்கும். ஏழாவது வருஷம் காய்ச்சல் திரும்ப ஊருக்கு வரும்போது பழைய மூட்டுகளுக்குத் தெரிந்துவிடும். எண்பத்தெட்டிலும் தொண்ணூற்றைந்திலும் படுக்கையில் கிடந்தபடி, இப்போது இதே இடத்தில் அவளுக்கும் வலிக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வலியை இருவரும் ஒரே நேரத்தில் வைத்திருப்பது அவ்வளவு சின்ன உறவில்லை. கல்யாணம் செய்துகொண்ட பலபேருக்கு அதுகூட இல்லை.

புதன்கிழமைகள் மட்டும் நின்றுபோகவில்லை. அவள் ஓய்வு பெறும்வரை பன்றிப் புத்தகத்தை எடுத்தேன். அவள் அதை நீட்டும்போது அந்த விரல் மட்டும் தனியே நீண்டு என்னைக் காட்டும்.

வில்யோ மூன்று வருஷத்துக்கு முன் இறந்தான். பெட்டியைத் தூக்கிய ஆறுபேரில் நானும் ஒருவன். அவனுடைய வலது முழங்கால் நிமிரவில்லை. மூடி படியாமல், தச்சரைக் கூப்பிட்டுப் பெட்டியை நாலு விரல் உயர்த்த வேண்டியிருந்தது. செத்த பிறகும் பொய்யைக் கைவிடாதவனை நான் அவன் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவகையில் மரியாதையே வந்துவிட்டது.

போன மாதம் ஊர்க்கூடத்தில் பகல் நடனம். வயசானவர்களுக்காக ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வைப்பார்கள். காபியும் பிராக்கா அப்பமும் உண்டு. ஹில்யா காபி மேசையில் உட்கார்ந்திருந்தாள். தொண்ணூறு வயசு, கண் போய்விட்டது, காலடியைக் கேட்டே ஆளைச் சொல்வாள்.

"ஆர்வி நடை மாதிரி இருக்கு, ஆனா நொண்டுது. யாரு?"

"ஆர்விதான் அக்கா. முழங்கால்."

"எப்பத்துலேர்ந்து?"

"எண்பத்தொண்ணுலேர்ந்து."

"அப்போ தோளு?"

"தோளு பொய்."

ஹில்யா கோப்பையைக் கீழே வைத்தாள். "பாவிப்பயலே. நாப்பத்து மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம உன் தோளுக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டிருக்கேன்டா!"

"அதனாலதான் தோள்ல வலியே இல்ல, அக்கா."

பெண்கள் அழைக்கும் விளக்கு எரிந்தது. ஆண்கள் வரிசையில் ஆறுபேர், இரண்டுபேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தைமி எதிர்ச் சுவரிலிருந்து எழுந்தாள். அந்தத் தரையைக் கடந்து வர அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. நான் காத்திருந்த நேரத்தில் அது சேர்த்தியே இல்லை. வந்து நின்றாள். தலையசைக்கவில்லை. கேட்டாள்.

"ஆர்வி, உனக்கு எங்க வலி?"

"முழங்கால்ல. வலது. அப்புறம் இந்த விரல்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. தைமி என் இடது கையை எடுத்து, மோதிரவிரலை மட்டும் பிடித்துப் பார்த்தாள், புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு தலையசைத்தாள்.

முதல் பாட்டு டாங்கோ. அவள் தலைமுடியில் சவுனாப் புகை வாசம். இரண்டாவது பாட்டு வால்ஸ். பாதியில் என் காதருகே சொன்னாள்:

"முதல் பாட்டுல இடது காலை இழுத்த. இப்போ வலது காலை இழுக்குற."

"வலி இடம் மாறும் தைமி."

"மாறாது. எனக்குத் தெரியாதா?"

இரண்டு சுற்று சுற்றினோம்.

"பரவாயில்ல," என்றாள். "உனக்கு எந்தக் கால் வசதியோ அந்தக் கால்லயே நொண்டு. என்னை மிதிக்காம இருந்தா சரி."

பாட்டு முடிந்தால் பெண்ணை அவள் இடத்துக்கே கைபிடித்துக் கொண்டுபோய் விட வேண்டும். பதினைந்து அடி தூரம். அடுத்த இரண்டு பாட்டுக்கு ஆட வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை.

"அடுத்த மாசக் கடைசில பழுத்துடும்," என்றாள். "இந்த வருஷம் தனியா போக முழங்கால் விடல. வாளி வச்சிருக்கியா?"

"இருக்கு."

"வழி தெரியும்தானே?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன்."

உட்கார்ந்தாள். என் கையை உடனே விடவில்லை. "வில்யோ எப்பவும் எனக்கு முன்னாடிதான் நடப்பான்," என்றாள். "நீ எதுக்கும் என் பின்னாடியே வா."

நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வாளியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். பூட்ஸுக்குள் காய்ந்த வைக்கோல் வைத்திருக்கிறேன். மரத்துக்குக் கிழக்கே என்னைப் பறிக்கச் சொல்வாளா, மேற்கே சொல்வாளா என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை. எந்தப் பக்கம் சொன்னாலும் பாதியை விட்டுவிட்டுத்தான் வருவேன்.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. வசந்தத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, எண்பத்தொன்றில் காய்ச்சல் கண்டவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். நான்தான் முதல் ஆள். ஒருமுறை வந்துவிட்டால் அதன் தடயம் ரத்தத்தில் சாகும்வரை இருக்குமாம். முடிவு நேற்றுத் தபாலில் வந்தது: எனக்கு அந்தக் காய்ச்சல் வந்ததே இல்லை.